கண் அலர்ஜி: எச்10.13ஆ, எச்10.45ஆ?

வாசகர் கேள்வி, 2024 ஏப்ரல் 9

"அமெரிக்க டாக்டர்களின் குறிப்புகளைப் (சார்ட்) படித்து, பில்லுக்கான நோய்க் கோடு போடுவது என் வேலை. கண் டாக்டர்களின் சார்ட்டுக்கு மாறி இரண்டு மாதம்தான் ஆகிறது. நேற்று ஒரு சார்ட். இரண்டு வாரமாகக் கண் அரிப்பு, தண்ணீர் வடிகிறது, வருஷா வருஷம் வசந்தம் வந்தால் இப்படித்தான் என்று நோயாளி சொல்லியிருக்கிறார். டாக்டர் முடிவில் எழுதியது 'அலர்ஜிக் கன்ஜங்டிவைட்டிஸ், ஓயூ', அதாவது இரண்டு கண்ணின் வெண்படலத்திலும் அலர்ஜி அழற்சி. அவ்வளவுதான். ஓலோபட்டடின் சொட்டு போடச் சொல்லியிருக்கிறார். நான் அக்யூட், அதாவது திடீர் வகைக்கான எச்10.13 கொடுத்தேன். ஆடிட்டர் பிழை போட்டுவிட்டார். வருஷா வருஷம் வருவது நாள்பட்டதுதானே, எச்10.45 என்கிறார். என் தர மார்க் 95க்குக் கீழே இறங்கிவிட்டது. யார் சரி?"

ஏப்ரல் 9, இரவு 11.40

நீங்கள்தான் சரி, தம்பி. ஐசிடி-10 என்ற நோய்க் கோடு புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலில் கன்ஜங்டிவைட்டிஸ் என்று போய் அதன் கீழே அலர்ஜிக் என்பதைப் பாருங்கள். பக்கத்திலேயே அடைப்புக்குள் 'அக்யூட்' என்று இருக்கும். அடைப்புக்குள் இருக்கிற சொல்லை டாக்டர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கோடு மாறாது. அது நம்மை அக்யூட் அட்டோபிக்குக்கு (அட்டோபிக் என்றால் அலர்ஜி வகை), அதாவது எச்10.1க்கு அனுப்புகிறது. இரண்டு கண்ணும் என்பதால் எச்10.13. முடிந்தது.

ஆடிட்டர் சொல்வது சரி என்றே வைத்துக்கொண்டாலும் அவர் எச்10.453 என்று, வலதா இடதா என்ற பக்கத்தோடு கொடுத்திருக்க வேண்டும். அதையே செய்யாதவர் பிழை போட வந்துவிட்டார்.

ஏப்ரல் 10, காலை

மேலே கடைசியில் எழுதியதை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். எச்10.453 என்று ஒரு கோடே கிடையாது. எச்10.45க்குப் பக்கம் இல்லை. வெர்னல் என்ற கண் அலர்ஜி வகைக்கான எச்10.44க்கும் இல்லை. ஐந்து எழுத்தோடு நின்றுவிடும். பக்கத்திலேயே இருக்கிற, இமைக்குள் பெரிய மொட்டுகள் வருகிற ஜயன்ட் பப்பிலரிக்கு மட்டும் எச்10.411, 412, 413 என்று உண்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களின் சார்ட்டை இரண்டு நாளாகப் போட்டுக்கொண்டிருந்ததால் கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. ராத்திரி ஷிஃப்டின் ஐந்தாவது மணி நேரத்தில் புத்தகம் திறக்காமல் பதில் எழுதினால் இதுதான் நடக்கும். ஆடிட்டரிடம் மன்னிப்பு. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்.

ஏப்ரல் 10, மாலை

'வருஷா வருஷம்' என்பதுதான் இங்கே உண்மையான சண்டை. சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒருவருக்குப் பத்து வருஷமாக ஏப்ரலில் கண் அரித்தால் அதை எப்படி அக்யூட் என்பது?

நியாயமான கேள்விதான். சாதாரணக் கண் அலர்ஜியைக் கண் மருத்துவர்கள் பருவகாலத்தது, ஆண்டு முழுவதும் இருப்பது என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். கோடு புத்தகமோ அக்யூட், கிரானிக் (நாள்பட்டது) என்று பிரிக்கிறது. பிரிக்கிற எல்லைகள் இரண்டும் வெவ்வேறு இடத்தில் போகின்றன. பருவத்துக்கு வந்து பருவத்தோடு போகிறவரை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் என்றது நோயாளி. அந்த வாக்கியத்தை எடுத்து 'நாள்பட்ட' என்ற நோய்முடிவாக மாற்ற எனக்கும் உரிமை இல்லை, ஆடிட்டருக்கும் இல்லை.

இது புதிதாக வந்த குழப்பமும் இல்லை. பழைய ஐசிடி-9இலும் 372.05 அக்யூட் அட்டோபிக், 372.14 மற்ற நாள்பட்ட அலர்ஜி என்று தனித்தனியாகத்தான் இருந்தன. 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-10க்கு மாறியபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வலது, இடது என்று வந்ததும் எல்லாம் தெளிவாகிவிடும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எந்தக் கண் என்பது தெளிவாகிவிட்டது. எவ்வளவு நாளாக என்பது இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

ஏப்ரல் 13

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆடிட்டர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

2021 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வெளிநோயாளி வருகையின் மட்டத்தை மருத்துவ முடிவின் சிக்கலை வைத்தோ செலவான நேரத்தை வைத்தோ தீர்மானிக்கிறோம். முடிவின் சிக்கலுக்கு மூன்று தூண்கள்: பிரச்சினை, பார்த்த தகவல், இடர். மூன்றில் இரண்டு எட்டினால் போதும். சிக்கலில்லாத அக்யூட் நோய் என்றால் பிரச்சினை 'குறைவு'. சீட்டு எழுதி மருந்து கொடுத்தால் இடர் 'நடுத்தரம்'. தகவல் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆக வருகைக்கான பில் கோடு 99213. இதே நோயாளிக்கு 'நாள்பட்டது, இப்போது அதிகமாகியிருக்கிறது' என்று டாக்டர் எழுதியிருந்தால் பிரச்சினையும் நடுத்தரத்துக்கு ஏறிவிடும், பில் அதற்கு மேல் மட்டமான 99214. மருந்து அதே சொட்டு, கண்ணும் அதே கண்.

இதனால்தான் எனக்குப் பயம். நாமாகக் கிரானிக் என்று ஏற்றிவைத்தால் கோடில் சின்னப் பிழை என்ற அளவில் அது நிற்காது, பில்லையே ஏற்றிவிட்டதாகப் போய் முடியும்.

இங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அந்த மட்டக் கணக்கில் நாள்பட்டது என்றால் குறைந்தது ஒரு வருடமாவது நீடிக்கும் என்று எதிர்பார்க்கிற நோய். அது ஏஎம்ஏ, அதாவது அமெரிக்க மருத்துவச் சங்கம் கொடுத்த விளக்கம். எச்10.45 என்ற கோடு இருப்பதாலேயே மட்டம் ஏறாது, எச்10.13 இருப்பதாலேயே இறங்காது. டாக்டர் அந்தப் பிரச்சினையை எப்படி விவரித்து எழுதியிருக்கிறார் என்பதுதான் கணக்கு. டாக்டர் 92012, 92014 என்ற கண் பரிசோதனைக் கோடுகளில் பில் போட்டிருந்தால் இந்தத் தூண் கதையே பொருந்தாது. அதற்கு விதி வேறு.

ஏப்ரல் 14

கேள்வி கேட்ட தம்பி சார்ட்டை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறார்: டாக்டர் சீட்டே எழுதவில்லையாம். 'கடையில் வாங்கிக்கொள்ளவும்' என்றுதான் இருக்கிறதாம். சரிதான். ஓலோபட்டடினுக்கு அங்கே 2020 பிப்ரவரியிலிருந்து சீட்டு தேவையில்லை. அப்படியானால் இடர் நடுத்தரம் என்று வாதாட முடியாது, பொதுவாகக் குறைவு என்றுதான் எடுப்பார்கள். பிரச்சினை நடுத்தரமே ஆனாலும் இரண்டு தூண் எட்டாது. அக்யூட் என்றாலும் 99213, கிரானிக் என்றாலும் 99213.

நேற்று அவ்வளவு நீளமாக எழுதினேன். இந்தச் சார்ட்டுக்கு அதில் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை.

ஏப்ரல் 14, மறுபடி

ஓயூ என்றால் இரண்டு கண், ஓடி வலது, ஓஎஸ் இடது. லத்தீன். நம் ஊர்ச் சீட்டில் ஓடி என்றால் தினம் ஒரு வேளை. எங்கள் குழுவில் புதிதாக வந்த ஒரு பெண், பி.ஃபார்ம் படித்தவர், 'சொட்டு, ஓடி' என்பதைப் பார்த்துவிட்டு "எந்தக் கண் என்று எழுதவே இல்லையே அக்கா" என்று குறிப்பிடாத கண்ணுக்கு எச்10.10 போட்டார். மருந்தகத்தில் நாலு வருடம் நின்றவர். அவர்மேல் தப்பே சொல்ல முடியாது. மருந்துப் பிழைகளைக் கவனிக்கிற ஐஎஸ்எம்பி அமைப்பும் இந்த மூன்று சுருக்கத்தையும் ஆபத்தான பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

ஏப்ரல் 21

வெர்னல் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன்.

ஒன்றிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பையனின் சார்ட். மேல் இமையைத் திருப்பிப் பார்த்ததில் கூழாங்கல் பதித்த மாதிரி பப்பிலே (மொட்டுகள்), கருவிழி ஓரத்தில் ஹார்னர்-டிரான்டாஸ் புள்ளிகள், கருவிழியில் சாயம் ஏறிய சின்னச் சின்னப் புள்ளிகள். எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். முடிவில் 'வெர்னல் கெரட்டோகன்ஜங்டிவைட்டிஸ், ஓயூ'. கெரட்டோ என்றால் கருவிழியும் சேர்ந்தது. நான் வெர்னல் என்ற சொல்லைப் பார்த்தவுடன் எச்10.44 கொடுத்தேன். அப்புறம் கருவிழியும் இருக்கிறதே என்று எச்16.263ஐயும் சேர்த்தேன். இரண்டும் இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பு.

எச்10.44க்குக் கீழே எக்ஸ்க்லூட்ஸ்1 குறிப்பு இருக்கிறது, எச்16.26ஐச் சுட்டி. இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்று பொருள். காப்பீட்டுக்கு அனுப்பிய க்ளெய்ம் (பில்) திரும்பி வந்தது. அதைத் திருத்தினவர் அவசரத்தில் எச்16.263ஐ எடுத்துவிட்டு எச்10.44ஐ விட்டுவைத்தார். அந்த டாக்டர் அதே வாரம் பையனுக்கு 0.1 சதவீத சைக்ளோஸ்போரின் சொட்டுக்கு முன்அனுமதி கேட்டிருந்தார். வெர்னல் கெரட்டோவுக்கு என்றே 2021 ஜூனில் அங்கே அனுமதி கிடைத்த மருந்து. படிவத்தில் கெரட்டோ, க்ளெய்மில் வெறும் கன்ஜங்டிவைட்டிஸ். காப்பீட்டுக்காரர்கள் இதுதான் சாக்கு என்று நிறுத்திவைத்தார்கள். டாக்டரின் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை எங்கள் குழுத் தலைவர் (டிஎல்) என் மேசையில் அச்செடுத்தே வைத்தார். மஞ்சள் மார்க்கரில் என் ஊழியர் எண்.

கருவிழி பாதித்திருந்தால் எச்16.26 மட்டும். இல்லாவிட்டால் எச்10.44 மட்டும். அன்றிலிருந்து வெர்னல் என்றால் முதலில் கருவிழி வரியைத்தான் படிக்கிறேன்.

ஏப்ரல் 22

மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம். எச்16.26இன் தலைப்பு 'லிம்பார் ஆன்ட் கார்னியல்' பாதிப்பு என்கிறது. (லிம்பல் என்றுதான் வர வேண்டும். புத்தகத்தில் லிம்பார் என்றே அச்சாகியிருக்கிறது.) லிம்பஸ் என்ற ஓரப் பகுதியில் மட்டும் இருந்து கருவிழி சுத்தமாக இருந்தால்? தலைப்பில் வருகிற ஆன்ட் என்பதை 'அல்லது' என்றும் கொள்ளலாம் என்று பொது விதிகளிலேயே இருக்கிறது. ஆக ஓரத்தில் மட்டும் இருந்தாலும் எச்16.26 பொருந்தும். நான் 'கருவிழி பாதித்திருந்தால்' என்று சுருக்கிச் சொன்னது போதாது. கருவிழி, அதன் ஓரம், இரண்டையும் பாருங்கள்.

அட்டோபிக் கெரட்டோவுக்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்கிறார். அதற்குத் தனிக் கோடு கிடையாது. மற்றவை என்று எச்16.29 வரிசையில் போடுகிறோம். டாக்டர் தோல் அலர்ஜியையும் எழுதியிருந்தால் எல்20 வரிசையும் சேரும்.

ஏப்ரல் 28

கோடு விதிகளைவிட எனக்கு அதிகம் தலைவலி கொடுப்பது வார்ப்புரு.

நேற்று இரவு பார்த்த ஒன்று. முடிவில் 'அலர்ஜிக் கன்ஜங்டிவைட்டிஸ், இரண்டு கண்ணும், சிவப்பு 2+'. பரிசோதனைப் பெட்டியில் வலது கன்ஜங்டிவா 'வெள்ளை, அமைதி'. இடது 'வெள்ளை, அமைதி'. இமை 'சாதாரணம்'. போன வருடம் கண்ணாடிக்கு வந்தபோது எழுதிய பரிசோதனை, ஒரு சொல் மாறாமல் அப்படியே இழுத்துவரப்பட்டிருக்கிறது. கண் அழுத்தம்கூட அதே எண்கள், அதே நேரம், காலை 9.12.

இதில் எச்10.13 கொடுக்கலாமா? நோய்முடிவு டாக்டருடையது, கொடுக்கலாம். தணிக்கைக்கு வந்தால் நிற்குமா? அந்த 9.12ஐ ஒருவர் பார்த்தால் போதும், முழு வருகையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நான் க்வெரி, அதாவது டாக்டருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பு போட்டேன். 'பரிசோதனைப் பகுதியும் முடிவும் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன, தெளிவுபடுத்தவும்.' பதில் இன்னும் வரவில்லை. மகரந்தக் காலத்தில் அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை சிவந்த கண்ணோ.

மே 6

கொஞ்சம் விலகிப் போகிறேன். அக்கா பையனை மதுரையில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். எட்டு வயது. கண்ணைக் கசக்கிக் கசக்கிப் புறங்கை காய்த்துப்போயிருக்கிறது. ஓபி சீட்டில் ஒரே வரி: 'விகேசி, பிஇ'. விகேசி என்றால் வெர்னல் கெரட்டோகன்ஜங்டிவைட்டிஸ். இரண்டு கண்ணுக்கு நம் ஊரில் பிஇ. கீழே சொட்டு மருந்து, 'குளிர் ஒத்தடம்', 'கசக்கக் கூடாது' என்று அடிக்கோடு.

அக்காவுக்கு அது போதும், பையனுக்கும் போதும். எனக்குத்தான் அரித்தது. கருவிழி எப்படி இருந்தது? ஓரத்தில் புள்ளி இருந்ததா? வாய்விட்டே கேட்டுவிட்டேன். டாக்டர் நிமிர்ந்து "நீங்க டாக்டரா மேடம்?" என்றார். கோடிங் என்றேன். சிரித்துவிட்டு விளக்கைப் போட்டு இமையைத் திருப்பி எனக்கே காட்டினார். பத்து வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிற கூழாங்கல்லை அன்றுதான் பார்த்தேன். இளஞ்சிவப்பில், மாதுளை முத்தை அழுத்திப் பதித்த மாதிரி இருந்தது.

வெர்னல் என்றால் வசந்தகாலத்தது என்று பொருள். நம் ஊர் வெயிலில் அது வசந்தத்தோடு நிற்பதில்லை, வருடம் முழுக்க இழுக்கும் என்றார் டாக்டர். கசக்கினால் கருவிழி கூம்பிப்போகிற கெரட்டோகோனஸ் வரலாம் என்று எச்சரித்தார். எச்18.6 என்று என் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

மே 19

எல்லாச் சிவப்புக்கும் மகரந்தத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். கண் அழுத்தத்துக்குப் பிரிமோனிடின் சொட்டு போடுகிற ஒருவருக்கு, பல மாதம் ஒழுங்காகப் போட்ட பிறகு, அந்தச் சொட்டுக்கே அலர்ஜி வரலாம். இப்படி ஒரு சார்ட்டில் டாக்டர் 'பிரிமோனிடினால் அலர்ஜிக் கன்ஜங்டிவைட்டிஸ், நிறுத்தவும்' என்று தெளிவாகவே எழுதியிருந்தார். எங்கள் ஆள் எச்10.13 மட்டும் கொடுத்திருந்தார். சரியாகக் கொடுத்த மருந்தின் பாதகம் என்பதால் விளைவு முதலில், அதன் பின்னால் டி49.5எக்ஸ்5ஏ. அந்தக் கடைசி ஏ முதல் வருகையைக் குறிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பிரச்சினைக்குத் தீவிரமாகச் சிகிச்சை நடக்கிற வரை ஏதான். இரண்டாவது வருகையிலும் அதுவே வரலாம்.

இன்னொன்று, ஸ்டீராய்டு சொட்டு போடுகிறவருக்கு இசட்79.52 போடாதீர்கள். அது உடல் முழுக்கப் போகிற ஸ்டீராய்டுக்கு. சொட்டால் அழுத்தம் ஏறி, டாக்டர் 'ஸ்டீராய்டு ரெஸ்பாண்டர்' என்று எழுதினால் எச்40.04 வரிசை இருக்கிறது.

ஜூன் 2

தம்பி தன் சார்ட்டுக்கு க்வெரி எழுதி என்னிடம் காட்டினார். 'டாக்டர், நோயாளிக்கு ஒவ்வொரு வருடமும் வருவதால் இது நாள்பட்டது அல்ல, அக்யூட்தான் என்று உறுதிசெய்யவும்.' ஐயோ. என் முதல் க்வெரியும் இதே ரகம்தான். பதிலை நாமே வாயில் ஊட்டக் கூடாது. அந்தக் காலத்து டிஎல் அதைக் கிழிக்கவில்லை, மடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கிழித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மாற்றி எழுதிக் கொடுத்தேன்: 'அலர்ஜிக் கன்ஜங்டிவைட்டிஸ் என்று எழுதியுள்ளீர்கள். உங்கள் மருத்துவக் கணிப்பின்படி அதன் தன்மையைக் குறிப்பிடவும்: அக்யூட், கிரானிக், வேறு, தீர்மானிக்க இயலாது.' நாலில் ஒன்றைத் தொட்டால் போதும்.

இதற்கு க்வெரியே தேவையில்லை, பட்டியலே பதில் சொல்கிறது என்பதுதான் இன்னமும் என் கட்சி. ஆடிட்டர் டாக்டர் வாயால் கேட்டால்தான் ஒத்துக்கொள்வாராம்.

ஜூன் 11

டாக்டர் பதில் போட்டுவிட்டார். பதில்: 'ஆம்.'

ஜூன் 11, சற்று முன்

சிரித்து முடித்தாயிற்று. அந்த 'ஆம்' எதற்கும் உதவாது என்பதால் மேல்தணிக்கைக்குப் போய், அவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்து, எச்10.13 சரி என்று தம்பியின் பிழையை நீக்கிவிட்டார்கள். அதே சமயம் சார்ட்டை முழுவதுமாகப் படித்திருக்கிறார்கள். மருந்துத் திட்டத்தின் கடைசி வரியில் 'ஹே ஃபீவருக்கு மூக்கு ஸ்ப்ரே தொடரவும்' என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஹே ஃபீவர் என்றால் மகரந்தத்தால் வருகிற மூக்கு அலர்ஜி, அதற்கு ஜே30.1. தம்பி விட்டுவிட்டார், ஆடிட்டரும் கவனிக்கவில்லை. கேள்வியில் 'அவ்வளவுதான்' என்று வந்ததை நம்பி நானும் கேட்கவில்லை.

விடுபட்ட கோடுக்குப் புதிதாக ஒரு பிழை. மார்க் இன்னும் 95க்குக் கீழேதான்.